நர்ஸக்கா யாருக்காக டைப் பண்றாங்க?

வருஷா வருஷம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்ட் ஒட்டும்போது அதில் நாலஞ்சு "ஹெல்த்கேர் ஆப்" கண்டிப்பா இருக்கும். நோயாளிக்கு ஒரு லாகின், டாக்டருக்கு ஒரு லாகின். நடுவில் உட்கார்ந்து விவரத்தை எல்லாம் ஏற்றப்போகிறவரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. எங்க பாலவனத்தம் பக்கம் அந்த ஆள் கிராம சுகாதார செவிலியர். ஊருக்கு அவங்க நர்ஸக்கா.

சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. கணக்கு 5,000 பேர் என்றாலும், நடக்கிற தூரம் அதில் வராது. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் ஊருக்கும் ஊருக்கும் நடுவுல சீமைக்கருவேலங்காடுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிடறேன். கர்ப்பிணிகளைப் பதிவு செய்ய தமிழ்நாட்டில் 2008-இல் பிக்மி வந்தது. இன்று ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 12 இலக்க எண் உண்டு. மகப்பேறு நிதியுதவிக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பாங்க. நம்ம ஊர்ப் பொண்ணு திருப்பூர்ல வாக்கப்பட்டிருப்பா. வளைகாப்பு முடிஞ்சு தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவா. அங்கே பார்த்த பி.பி., ரத்த அளவு எல்லாம் அங்கேயே நோட்டில் கிடந்தால் இங்கே யாருக்கு என்ன லாபம்? எண் அவளோடு வருது. இதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனா நோட்டும் போகல. பதிவேட்டில் எழுதணும், அதையே மறுபடி ஆப்பில் ஏத்தணும். சிக்னல் இல்லாத தெருவில் பார்த்ததை ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஏத்தணும். சம்பளக் கணக்கில் வராத வேலை இது. எட்டாம் மாசத்துக்காரி காலில் வீக்கம் இருக்கா, முகம் ஊதியிருக்கா என்று பார்க்க ரெண்டு நிமிஷம் போதும். பி.பி. 140/90-ஐத் தொட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து தொடங்குற இடம் அது. கண்ணு ஸ்கிரீன்ல இருந்தா அந்த ரெண்டு நிமிஷம் எங்கிருந்து வரும்?

பெரிய டாக்டர்களுக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் 2016-இல் வந்த ஓர் ஆய்வில், டாக்டர் நோயாளியோடு செலவழிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கணினிப் பதிவுக்கும் மேசை வேலைக்கும் போகிறது என்று கண்டார்கள். இங்கே 2021-இல் மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள் ஆங்கில ஆப்போடும் திணறுற போனோடும் மல்லுக்கட்டி முடியாமல், அரசு கொடுத்த போனையே திருப்பிக் கொடுத்துட்டாங்க.

இவ்வளவு டேட்டாவும் எங்கே போகுது? 2018-இல் விருதுநகர் முன்னேற விழையும் மாவட்டம் ஆச்சு. நாட்டில் 112 மாவட்டம், 49 அளவுகோல், சுகாதாரத்துக்கும் ஊட்டச்சத்துக்கும் மட்டும் 30 சதவீத எடை, டாஷ்போர்டில் ரேங்க். மாவட்டத்துக்கு அதில் பலன் இருக்கலாம். ஆனா மேலே போற டேட்டா நர்ஸக்காவுக்கு என்ன திருப்பித் தருது? "என்ட்ரி பெண்டிங்" என்று ஒரு போன்கால். என் கோபம் இங்கேதான். டெக்னாலஜி மேலே இல்லை, அது ஒருவழிப் பாதையா ஓடுறது மேலே.

ஓடிபி தனிக் கூத்து. பாட்டிக்கு ஆதார் வழியா சுகாதார எண் போடணும்னா, ஓடிபி திருப்பூர்ல மிஷின் ஓட்டுற மகன் போனுக்குப் போகும். அவர் ஷிஃப்ட் முடிஞ்சு பார்க்கிறதுக்குள்ள அது காலாவதி.

நம்ம பசங்க செய்யறதா இருந்தா, காலைல போனைத் திறந்ததும் "இன்னைக்கு இந்த ஆறு வீடு, இவளுக்கு போன தடவை பி.பி. கூட இருந்துச்சு"ன்னு தமிழ்ல காட்டற ஒரே ஒரு பக்கம் செய்யுங்க. சிக்னல் இல்லாமலும் ஓடணும். ஒரு தடவை அடிச்சா போதும்னு இருக்கணும். ரெவ்யூவுக்கு முன்னாடி நர்ஸக்கா ஸ்கூட்டிக்குப் பின்னால ஒரு நாள் போயிட்டு வாங்க. பெட்ரோல் காசை நீங்க போடுங்க.