முதலில் நாற்காலி, பிறகு புத்திமதி

பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்ற, தமிழக அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வுக்கு 2025இல் அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்களோ ஏறத்தாழ 13 லட்சத்து 89 ஆயிரம் பேர். அவர்களில் பொறியியல் படித்தவர்கள் உண்டு, முதுகலை முடித்தவர்கள் உண்டு. ஜூலை 12ஆம் தேதி தேர்வு முடிந்த கையோடு புத்திமதியும் ஆரம்பமாகிவிட்டது. இந்தத் தலைமுறைக்கு ரிஸ்க் எடுக்கத் துணிச்சல் இல்லையாம். நாற்காலியில் உட்கார்ந்தே சம்பளம் வாங்க ஆசைப்படுகிறார்களாம். அரசு வேலையை மறந்துவிட்டுத் தொழில் தொடங்கி நாலு பேருக்கு வேலை கொடுக்க வேண்டுமாம். தொலைக்காட்சி விவாதம், பட்டமளிப்பு விழா மேடை, வாட்ஸ்அப் குழு என்று எங்கு திரும்பினாலும் இதே பல்லவி. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

நாற்காலிக்கு ஆசைப்படுகிறார்கள் என்று சொல்பவர்களுக்கு, அந்த நாற்காலிக்காக நம் சட்டமன்றம் ஒரு சட்டத்தையே திருத்த வேண்டிவந்ததை நினைவூட்டுகிறோம். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை வசதி தரவேண்டும் என்று 2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. சென்னை ரங்கநாதன் தெருவின் ஜவுளிக்கடை ஊழியர்கள் படும் பாட்டை ‘அங்காடித் தெரு’ படத்தில் பார்த்து நாடே கண்கலங்கியது 2010இல். ஒரு நாற்காலி சட்டமாவதற்கு அதன்பிறகும் பதினோரு ஆண்டு பிடித்தது. சட்டம் வந்தபிறகாவது நிலைமை மாறியதா? எந்த ஊர்ப் பெரிய ஜவுளிக்கடைக்கும் மாலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். நாற்பது புடவையைப் பிரித்துக் காட்டி, ஒன்றும் பிடிக்கவில்லை என்று வாடிக்கையாளர் எழுந்து போனபிறகு அத்தனையையும் மடித்து அடுக்கிக்கொண்டிருக்கும் பெண், ஒரு காலின் பாரத்தை மறுகாலுக்கு மாற்றி மாற்றி நிற்பதைக் காணலாம். நாற்காலி இருக்கும் கடையிலும் அது ஏதோ ஒரு மூலையில்தான் கிடக்கும். உட்கார்ந்தால் ஏச்சு விழும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். இந்தக் கடையில் நிற்கும் அக்காவைப் பார்த்து வளர்ந்த தங்கை, கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கு விண்ணப்பம் போடாமல் வேறு என்ன செய்வாள்? இதைச் சோம்பல் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

சம்பளம் மட்டுமே காரணம் என்றால் இவ்வளவு கூட்டம் வராது. குரூப் 4 வழியாகச் சேரும் இளநிலை உதவியாளருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். படிகள் சேர்ந்தாலும் அது ஆடம்பர வாழ்க்கைக்கான பணமல்ல. பென்ஷனுக்காக ஓடுகிறார்கள் என்பதும் பழங்கதை. 2003 ஏப்ரல் முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு, 2025இல் இவர்கள் தேர்வு எழுதியபோது பழைய ஓய்வூதியம் இருக்கவில்லை. இளைஞர்கள் தேடுவது மற்றதை எல்லாம். மாதக் கடைசியில் சம்பளம் வருமா என்று கவலைப்படாத வாழ்க்கை, கையில் ஒரு நியமன ஆணை, கேட்டால் கிடைக்கும் விடுப்பு. பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். தனியார் நிறுவனங்களில் 26 வார மகப்பேறு விடுப்பு 2017 முதல் சட்டம்தான். ஆனால் இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிச் சம்பளம் வாங்குபவர்களுக்கு அந்தச் செலவு முழுவதும் முதலாளி தலையில் விழுகிறது. அதனால்தான் நேர்முகத்தேர்வில் ‘கல்யாணம் எப்போது?’ என்ற கேள்வி வருகிறது. அரசு ஊழியருக்கோ 2021 முதல் 12 மாதம் விடுப்பு. திரும்பி வரும்போது வேலையும் இருக்கும். ஐ.டி. துறைக்குப் போகலாமே என்பார்கள். பத்தாண்டுக்கு முன்பு புதிதாகச் சேர்ந்தவருக்குக் கொடுத்த அதே மூன்று, மூன்றரை லட்சத்தைத்தான் பெரிய நிறுவனங்கள் இன்றும் ஆண்டுச் சம்பளமாகத் தருகின்றன. நாட்டின் மிகப்பெரிய ஐ.டி. நிறுவனமான டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னதும் அதே 2025 ஜூலையில்தான்.

கிம்பளத்துக்கு ஆசைப்பட்டு வருகிறார்கள் என்பது இன்னொரு வாதம். அப்படிச் சிலர் இருக்கலாம். அதற்காகப் பதினான்கு லட்சம் பேரையும் லஞ்சப் பேர்வழிகளாகப் பார்ப்பது அநியாயம். கணக்கை வைத்துப் பேசுபவர்களின் வாதம்தான் வலுவானது. ஏறக்குறைய 350 பேருக்கு ஒரு இடம் என்னும்போது மீதிப்பேரின் வயதும் பணமும் பயிற்சி மையத்தில் கரைகிறதே என்கிறார்கள். உண்மைதான். தம்பி தங்கைகளே, இத்தனை முறைதான் எழுதுவது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு கைத்தொழிலையோ ஒரு வேலையையோ விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். 350இல் ஒருவருக்குத்தான் என்று தெரிந்தும் ஒருவன் வரிசையில் நிற்கிறான் என்றால், வெளியே காத்திருக்கும் வேலை எப்படிப்பட்டது என்பதை அல்லவா யோசிக்க வேண்டும்?

நியமன ஆணை, விடுப்பு, நாற்காலி என்று இதையெல்லாம் தனியாரும் கொடுத்தால் தொழில் படுத்துவிடும் என்பார்கள் முதலாளிகள். இந்தியாவிலேயே அதிகத் தொழிற்சாலைகள் இருக்கும் மாநிலம் தமிழ்நாடு. நாட்டின் பெண் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பில் வளர்ந்த தொழில், ஒரு நியமனக் கடிதத்தாலும் ஒரு நாற்காலியாலும் படுத்துவிடாது. தனியார் வேலையில் நடப்பதை எல்லாம் இளைஞர்கள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா 2023 ஏப்ரலில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பணிந்து மே தினத்தன்று கைவிடப்பட்டதைப் பார்த்தார்கள். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில், தொழிற்சங்கம் வைக்கும் உரிமைக்காக 2024இல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்ததையும் பார்த்தார்கள்.

தனியாரைச் சொல்லும் அரசும் தன்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் பணிநிரந்தரம் கேட்டு வருஷக்கணக்கில் போராடுகிறார்கள். ஒப்பந்தச் செவிலியர் கதையும் அதுதான். சென்னையில் இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்த தொழிலாளர்களை 2025 ஆகஸ்ட்டில் நள்ளிரவில் போலீஸ் வைத்து அப்புறப்படுத்தினார்கள். நிரந்தர இடங்களும் சுருங்குகின்றன: குரூப் 4 அறிவிக்கையில் 2022இல் 7,301 இடம், 2024இல் 6,244 இடம், 2025இல் 3,935 இடம். ஒவ்வொரு துறையிலும் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை, தொகுப்பூதியத்திலும் ஒப்பந்தத்திலும் ஓடுவது எத்தனை என்று அரசு ஒரு வெள்ளை அறிக்கை வைக்கட்டும். அடுத்த குரூப் 4 அறிவிக்கைக்கு முன்பே அது வரவேண்டும்.