பின்னால் ஏறும் பாரம்

 

பாடசாலை விடுமுறை நெருங்கினால் நமது வீடுகளில் பயணப் பேச்சுத் தொடங்கிவிடும். எங்கே போவது என்பது ஒரு நாளில் முடிவாகிவிடும். சாமான்களை எதில் ஏற்றுவது என்பதுதான் முடியாத பேச்சு. அண்மையில் ஒரு சகோதரி இப்படிக் கேட்டார்: "மௌலவி, எங்கட வேனுக்குப் பின்னுக்கு ஒரு பெட்டி அடிக்கோணும் என்று புள்ளைகள்ட வாப்பா சொல்றார். செலவும் குறைவாம். செய்யலாமா?"

மார்க்கச் சட்டம் கேட்க வேண்டிய கேள்வியாக இது தோன்றாமல் இருக்கலாம். ஆனால் குடும்பத்தின் உயிர்கள் அமானிதமாக ஏறும் வாகனத்தைப் பற்றிய கேள்வி அது. அதனால் இம்மாதம் இதைப் பற்றியே பேசுவோம்.

மேல்நாடுகளில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அமைந்த மோட்டார் ஹோம் என்ற வீட்டு வாகனங்கள் உண்டு. அவற்றின் பின்புறத்தில் இரும்புச் சட்டம் பொருத்தி, அதன் மேல் பெட்டி வைப்பது அங்கே பழகிப்போன ஒன்று. நமது நாட்டிலும் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் கேம்பர் வேன்கள் வந்துவிட்டன. பெரும்பாலான நமது குடும்பங்களுக்கோ பழைய டொல்பின் வேனே மோட்டார் ஹோம். பாய், தலையணை, சட்டி, பானை, பால்மா, பிள்ளைகளின் மாற்றுடுப்பு எல்லாவற்றோடும் அது இரண்டு மூன்று நாட்களுக்கு நமது வீடாகவே ஆகிவிடுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பெரிய வாகனம் வாங்க நினைத்தவர்களும் இருந்த வாகனத்தையே திருத்திப் பாவிக்கப் பழகிக்கொண்டார்கள். பின்புறப் பெட்டி என்ற எண்ணம் பல வீடுகளில் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் நோட்டன் பிரிட்ஜ் வழியாக இத்தகைய வாகனங்கள் நிறையப் போகின்றன. டிசம்பர் போயா முதல் மே மாத வெசாக் போயா வரை, நாம் பாவா ஆதம் மலை என்று சொல்லும் சிவனொளிபாத மலைக்குச் செல்பவர்கள் கினிகத்தேனைப் பக்கமிருந்து இவ்வழியே மஸ்கெலியாவுக்கு ஏறுகிறார்கள். ஒரு பக்கம் மலைச் சரிவு, மறுபக்கம் பள்ளம். பாதையோ ஒடுங்கியது. வளைவுக்கு வளைவு எதிரே ஒரு லொறி வரலாம். கொழும்புத் தெருவில் தொந்தரவு தராத ஒரு பெட்டி இங்கே என்ன செய்யும் என்பதை அறிந்த பிறகே கராஜுக்குப் போக வேண்டும்.

இதை விளங்கிக்கொள்ள ஒரு கொழுந்து பறிக்கும் தாயைப் பாருங்கள். கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, கூடையை முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டு அவர் மலை ஏறுகிறார். கூடை நிறைய நிறைய அவருடைய உடம்பு முன்னால் சாய்கிறது. அந்தக் கூடை முதுகிலிருந்து ஒரு முழம் தள்ளித் தொங்கினால் அவரால் ஓர் அடி எடுத்து வைக்க முடியுமா? மல்லாந்து விழுந்துவிடுவார். வேனுக்குப் பின்னால் நாம் மாட்டும் பெட்டி அப்படித் தள்ளித் தொங்கும் கூடைதான். அந்தத் தாய் முன்னால் சாய்ந்து சமாளிக்கிறார். வேனுக்குச் சாயத் தெரியாது.

கணக்கையும் பார்த்துவிடுவோம், பயப்படாதீர்கள். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் இரண்டரை மீட்டர் இருக்கும் ஒரு வேனை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் நடுப்பகுதி பின் சில்லிலிருந்து ஒன்றரை மீட்டர் பின்னால் இருக்கிறது. அதில் 50 கிலோ வைத்தால் பின் சில்லுகள் மீது ஏறுவது 50 கிலோ அன்று, 80 கிலோ. முன் சில்லுகளின் மீதிருந்து 30 கிலோ குறைந்துவிடும். 100 கிலோ வைத்தால் பின்னால் 160 ஏறும், முன்னால் 60 குறையும். சிறுவர்கள் ஏறி ஆடும் சீசோப் பலகையின் கணக்குத்தான் இது.

முன் சில்லுகள்தாம் வாகனத்தைத் திருப்புகின்றன. பிரேக் பிடிக்கும்போது பெரும் பங்கை ஏற்பவையும் அவையே. அவற்றின் பாரம் குறைந்தால் பாதையில் அவற்றின் பிடியும் குறையும். ஏற்றத்தில் ஸ்டியரிங் இலேசாகிவிடும். ஈரமான வளைவில் வாகனத்தின் வால் வெளிப்பக்கம் இழுக்கப் பார்க்கும். முன்பக்கம் உயர்வதால் இரவில் லைட்டின் ஒளியும் மேலே போய், எதிரே வருபவரின் கண்ணில் விழும். மூடுபனியில் வரும் அந்தச் சாரதியும் ஒரு குடும்பத்தின் வாப்பாதானே?

இறக்கத்தின் கதை வேறு. நோட்டன் பிரிட்ஜில் இருக்கும் விமலசுரேந்திர மின் நிலையத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1965இல் இயங்கத் தொடங்கிய இந்த 50 மெகாவாட் நிலையத்துக்கு, மேலே காசல்ரீ நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் வருகிறது. உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீரின் பாரமே மின்சாரமாகிறது. மலையிலிருந்து இறங்கும் வேனிலும் அதே விதிதான். ஏற்றிய ஒவ்வொரு கிலோவும் இறங்கும்போது வேகமாக மாறப் பார்க்கும். அந்த வேகத்தைப் பிரேக் விழுங்கி வெப்பமாக்க வேண்டும். பாரம் கூடினால் பிரேக் அதிகம் சூடாகும். அளவு மீறிச் சூடான பிரேக் பிடிக்காது. ஆகவே இறக்கத்தில் சிறிய கியரில் மெதுவாக இறங்கும்படி சாரதிக்கு நினைவூட்டுங்கள்.

அப்படியானால் பெட்டியே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. பெட்டி பொருத்தலாம். ஆனால் அது இலேசாக இருக்க வேண்டும், வேனோடு ஒட்டி இருக்க வேண்டும், இலேசான சாமான்களையே சுமக்க வேண்டும். இந்த மூன்றையும் காத்தால் செலவும் தானாகக் குறையும்.

முதலில் பெட்டியைப் பாருங்கள். கராஜ் பாஸ் இரும்புத் தகட்டில் உறுதியாக அடித்துத் தருவதாகச் சொல்வார். ஒரு மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் அரை மீட்டர் உயரமும் கொண்ட பெட்டிக்கு இரண்டரை சதுர மீட்டர் தகடு வேண்டும். 2 மில்லிமீட்டர் இரும்பு என்றால் வெறும் பெட்டியே ஏறக்குறைய 40 கிலோ! ஒரு தலையணைகூட வைக்கும் முன்பே பாரத்தின் பெரும்பங்கு போய்விட்டது. அதே அளவுப் பெட்டியை 9 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் அடித்தால் 15 கிலோவுக்குள் அடங்கும். 2 மில்லிமீட்டர் அலுமினியத்திலும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆனால் விலை கூடும். பலகையின் ஓரங்களிலும் உள்ளேயும் நன்றாகப் பெயின்ட் அடித்து, மூடியின் விளிம்பில் ரப்பர் பட்டி ஒட்டினால் மழையைத் தாங்கும். அடியில் நாலைந்து துளைகள் போட மறக்காதீர்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இங்கே பெய்யும் மழை எப்படியும் உள்ளே வழி கண்டுபிடிக்கும். வந்த தண்ணீர் போகவும் வழி வேண்டும். இன்னும் மலிவாக வேண்டுமானால், மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைச் சட்டத்தின் மேல் வைத்துப் பட்டியால் இறுக்கலாம்.

காசைச் சுருக்கக் கூடாத இடம் பெட்டியைத் தாங்கும் சட்டம். அதை பம்பரில் பொருத்தவே கூடாது. பம்பர் மெல்லிய தகடு அல்லது பிளாஸ்டிக். குழிக்குக் குழி அடிபட்டு ஒரு நாள் பெட்டியோடு கழன்றுவிடும். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவர் மீது அது விழுந்தால் என்ன பதில் சொல்வோம்? சட்டம் வேனின் சேசியில் பொருந்த வேண்டும். இருபுறமும் கனமான போல்ட் போட்டு, தானாகக் கழலாத நட்டால் இறுக்க வேண்டும். பயணம் முடிந்ததும் கழற்றி வைக்கக்கூடியதாக இருந்தால் மிக நல்லது. டொல்பின் போன்ற வேன்களின் பின் கதவு மேல்நோக்கித் திறப்பது. பெட்டி அதை மறித்தால் அவசரத்தில் வெளியேறும் ஒரு வழி அடைபட்டுவிடும். கதவு திறக்கிறதா, ஸ்பெயார் சில்லை எடுக்க முடிகிறதா என்பதைக் கராஜிலேயே பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

புகைக்குழாயையும் கவனியுங்கள். அதன் வாய் பெட்டியின் அடியில் இருந்தால் பெட்டி சூடாகும். அதைவிடப் பெரிய ஆபத்து, புகை பெட்டியில் மோதித் திரும்பி, சரியாக மூடாத பின் கதவின் இடுக்கால் உள்ளே வருவது. அதிலுள்ள கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்கும் பிள்ளைகளை அது எழுப்பாது. புகைக்குழாயின் வாயைப் பெட்டிக்கு அப்பால் நீட்டுவது சிறிய வேலை. செய்துவிடுங்கள்.

நம்பர் பிளேட்டையும் பின் லைட்டுகளையும் பெட்டி மறைக்கக் கூடாது. மறைத்தால் பெட்டியின் மேலேயே மறுபடி பொருத்த வேண்டும். பிரேக் லைட்டும் சிக்னலும் பின்னால் வருபவருக்கு நாம் சொல்லும் பேச்சு. அதை மறைப்பது அவருடைய உரிமையைப் பறிப்பதாகும். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாக நமக்குக் கற்பித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அந்த உம்மத்தினர் தாமே பாதைக்கு இடையூறாகலாமா? 2025 ஜனவரியில் அனுமதியற்ற மேலதிகப் பாகங்களைப் பொருத்திய வாகனங்கள் மீது பொலிஸார் நடவடிக்கை எடுத்ததும் நினைவிருக்கும். ஆகவே வேலை தொடங்கும் முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரியப்படுத்துங்கள்.

சகோதரிகளே! இதுவரை சொன்னவை ஆண்கள் கராஜில் பார்க்க வேண்டியவை. இனி வருவது உங்கள் கையில் இருக்கிறது. ஏனென்றால் சாமான்களைக் கட்டுபவர் நீங்கள்.

நம் முன்னோர் இந்த வேலையில் தேர்ந்தவர்கள். கண்டி மன்னர் காலத்தில் மடிகே பத்த என்ற போக்குவரத்துப் பிரிவில் முஸ்லிம்கள் பணியாற்றினார்கள். பொதி மாடுகளை ஓட்டிக் கரையோரத்து உப்பை மலைநாட்டுக்கு ஏற்றினார்கள். மலைநாட்டுப் பாக்கைக் கரையோரத்துக்கு இறக்கினார்கள். தவளம் என்று அழைக்கப்பட்ட அந்த மாட்டின் பொதி இரு பக்கமும் சமமாக, உடம்போடு ஒட்டி இருக்கும். ஒரு பக்கம் கனத்தால் ஒற்றையடிப் பாதையில் மாடு தடுமாறும் என்பது அவர்களுக்குத் தெரியும். தமது ஒட்டகத்தைப் பட்டினி போட்டு வேலை வாங்கிக் களைக்க வைத்த ஒருவரை நாயகம் (ஸல்) கண்டித்த செய்தியை நாம் படித்திருக்கிறோம். ஒட்டகத்துக்காவது முறையிடக் கண்ணீர் இருந்தது. வேனுக்கு அதுவும் இல்லை. அதற்காக நாம்தான் யோசிக்க வேண்டும்.

ஆகவே எதை எங்கே வைப்பது? அரிசி, டின், சட்டி பானை போன்ற கனமானவை வேனுக்குள் இரு சில்லுகளுக்கும் நடுவில், ஆசனத்தின் கீழே தரையோடு இருக்கட்டும். ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 20 லீட்டர் கேன் என்றால் 20 கிலோ. குடிக்கவும் வுழூச் செய்யவும் அளவாக எடுங்கள், வழியில் நிரப்பிக்கொள்ளலாம். கேஸ் சிலிண்டரைப் பின் பெட்டியில் வைக்கவே வேண்டாம். பின்னால் ஒரு வாகனம் மோதினால் முதல் அடி அங்கேதான் விழும். 12.5 கிலோ சிலிண்டர் என்பது உள்ளே இருக்கும் வாயுவின் எடை மட்டுமே, இரும்பின் எடை அதற்கு மேல். பாய், தலையணை, துணிப்பை, மடிக்கும் கதிரை, வெறும் வாளி, செருப்பு, பிள்ளைகளின் பந்து ஆகியவையே பின் பெட்டிக்கு உரியவை. நனைந்த போர்வையை அதில் போடாதீர்கள், தண்ணீர் குடித்த போர்வையின் பாரம் பல மடங்கு. நகை, மருந்து, அடையாள அட்டை போன்றவையும் அங்கே வேண்டாம். பூட்டு இருந்தாலும் அது வெளிப்பெட்டிதான்.

எல்லாவற்றையும் நிறுத்துப் பாருங்கள். ஆள் நிறுக்கும் சிறிய தராசு வீட்டில் இருந்தால் போதும். ஒருமுறை வெறுங்கையோடும் ஒருமுறை பையோடும் ஏறி நின்று, வித்தியாசத்தைக் கொப்பியில் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டு, கணக்குப் பாடமும் ஆகும். சட்டம், பெட்டி, சாமான் மூன்றும் சேர்ந்து 50 கிலோவைத் தாண்டினால் எதை விட்டுவிட்டுப் போகலாம் என்று குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். பாதிச் சாமானுக்குத் தேவையே இல்லை என்பது அப்போதுதான் தெரியும். வீண்விரயம் காசில் மட்டுமா இருக்கிறது? சுமையிலும் இருக்கிறது.

புறப்பட்டுப் பத்துக் கிலோமீட்டர் போனதும் ஒருமுறை நிறுத்திப் பட்டியையும் நட்டையும் பாருங்கள். அதன் பிறகு தேநீருக்கு நிறுத்தும் இடமெல்லாம் பாருங்கள். பின்னால் பெட்டி இருப்பதால் வேன் நீண்டுவிட்டது என்பதைச் சாரதி மறக்கக் கூடாது. கொண்டை ஊசி வளைவில் வால் வெளிப்பக்கம் வீசும். பாதையோரக் கானைக் கடக்கும்போது அடி உரசும். வேனைப் பின்னெடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று கை காட்டட்டும்.

இன்னுமொரு யோசனை. வருடத்தில் இரண்டு பயணம் போகும் குடும்பத்துக்குத் தனியாகச் சட்டமும் பெட்டியும் எதற்கு? ஒரே வகை வேன் வைத்திருக்கும் நாலு வீட்டார் சேர்ந்து ஒன்று செய்து, மாறி மாறிப் பாவிக்கலாமே! செலவு நாலில் ஒன்றாகும். அண்டை வீட்டாரோடு உறவும் இறுகும்.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவதை நாயகம் (ஸல்) அங்கீகரிக்கவில்லை. முதலில் கட்ட வேண்டும், பிறகு தவக்குல். ஏறியவுடன் பயண துஆவை ஓதும் நாம், ஏறுவதற்கு முன் சாமானை நிறுப்பதும் அந்த வணக்கத்தோடு சேர்ந்ததே. இந்த விடுமுறைக்குப் பெட்டி அடிக்கும் எண்ணம் உங்கள் வீட்டில் இருந்தால், கராஜுக்குப் போகும் முன் இன்று இரவே தராசை எடுங்கள். போகும் வழியையும் திரும்பும் வழியையும் அல்லாஹ் நமக்கு எளிதாக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.