வாத்தியார் மேயரானால்

மலேசியாவின் பினாங்குத் தீவில் டி.எஸ். இராமநாதன் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. பள்ளி ஆசிரியராக இருந்து தொழிலாளர் கட்சி அரசியலுக்கு வந்த தமிழர் அவர். 1957 ஜனவரி 1 அன்று அந்தத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் மாநகரானது. அந்த ஆண்டிலேயே அவர் அதன் மேயர் பொறுப்புக்கு வந்து, 1961 வரை இருந்தார். 1965இல் அந்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. இன்றுவரை நடக்கவில்லை.

நாமும் அந்தத் தேர்தல் வறட்சியைப் பார்த்தவர்கள்தாம். 2016 முதல் 2022 வரை சேலத்தில் கவுன்சிலர்களே கிடையாது. தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால், குடத்தோடு போய் நிற்க ஒரு வாசல் இல்லை; தனி அலுவலர் மேசையில் மனுக்கள் குவிந்தன.

சேலத்துக்குப் பக்கத்து நாமக்கல் 2024இல்தான் மாநகராட்சியானது. நாலு தலைமுறைப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. எந்த வீட்டுச் சாக்கடை எங்கே அடைக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் சீட்டு என்னவோ செலவு செய்ய முடிந்தவருக்குத்தான் போகிறது. இது நியாயமே இல்லை.

2022இல் தேர்வான கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. தேர்தல் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது. கட்சிகள் அந்த ஆசிரியர்களின் வீட்டுக் கதவை இப்போதே தட்ட வேண்டும்.