கூவட்டும், விடுங்கள்



போன வாரம் திருவனந்தபுரம் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸில் நாகர்கோவில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் எழுப்பிய அந்தச் செங்கல் சுருளில் தரையே சுற்றிச் சுற்றி மேலேறும். சுவர்த் துவாரம் வழியே பார்த்தால், கீழே ஏதோ கூட்டத்துக்கு மைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சாளர் வாய் திறக்குமுன் 'கீ...' என்று ஒரு கூவல். மைக்செட் பையன் ஓடிவந்து ஸ்பீக்கரை அப்பால் திருப்பிய பிறகுதான் அடங்கியது.

என் பையில் இந்த இதழுக்கான அறிவியல் கட்டுரை இருந்தது. காந்தம் பட்டால் மின்தடை மாறும் பொருள்களைக் கொண்டு, சிறு அலையைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரும் தானாகவே அலை எழுப்பும் ஆசிலேட்டரும் செய்வது பற்றியது. இரண்டு தடவை படித்தும் பிடிபடாதது அந்தக் கூவலில் பிடிபட்டது. ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கே வருகிறது. பெருக்கமும் திரும்பி வரும் வேளையும் ஒத்துப்போனால் ஆம்ப்ளிஃபயர் தானாகவே ஆசிலேட்டர் ஆகிவிடுகிறது!

இனி காந்தப் பொருள்களுக்கு வருவோம். இரும்பிலும் நிக்கலிலும் காந்தத்தால் வரும் தடைமாற்றத்தை 1856-லேயே வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) கண்டுவிட்டார். ஆனால் அது சொற்பம். இன்று இதற்கென்றே படலங்களை அடுக்கிச் செய்கிறார்கள்; அந்த அடுக்கில் இரண்டு காந்தப் படலங்களுக்கு நடுவே சுமார் ஒரு நானோமீட்டர் கனத்தில் மெக்னீசியம் ஆக்சைடு இருக்கும். காந்தங்கள் ஒரே திசை பார்த்தால் மின்சாரம் சுலபமாகத் தாண்டும்; எதிரெதிராகத் திரும்பினால் தடை இரண்டு மடங்குக்கு மேலும் ஏறும்.

மும்பை ஐ.ஐ.டி.யின் அஸ்வின் துலாபூர்கர், சென்னை ஐ.ஐ.டி. மற்றும் ஜப்பான் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2016-ல் வெளியிட்ட சோதனையில், மைக்செட் பையன் அடக்கியதை வேண்டுமென்றே கூவ விட்டார்கள். அடுக்கின் தலைக்கு மேலே ஒரு உலோகப் பட்டை. ஒரு படலத்தின் காந்தம் துளி அசைந்தாலும் தடை மாறும், மின்னழுத்தம் மாறும். அந்த மாற்றம் பட்டைக்குப் போய், காந்தப்புலமாகி, அதே படலத்தை மறுபடி அசைக்கும். நேர்மின்னோட்டம் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஆட்டம் நிற்காது. மைக்ரோவேவ் அலை வரும். அதிர்வு எவ்வளவு சுத்தம் என்று காட்டும் தரக்காரணி 10,000-ஐத் தாண்டியதாம்.

டிரான்சிஸ்டரை இது வீட்டுக்கு அனுப்பிவிடும் என்று நான் நம்பவில்லை. தடை இங்கே சில மடங்குதான் மாறுகிறது; டிரான்சிஸ்டரிலோ ஆயிரக்கணக்கில். ஆனால் ஊசிமுனையைவிடச் சிறிய இடத்தில் மைக்ரோவேவ் அலை பிறக்கிறதே, அதில்தான் எனக்கு ஆசை.

கட்டுரையில் 'பின்னூட்டம்' என்ற சொல் அடிக்கடி வரும். வாசகர் கடிதம் என்று எண்ணிவிடாதீர்கள். அது மைக் கூவல்தான். வாசகர் கடிதங்களை வழக்கம்போல் எனக்கே அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்