‘பைப்பில் போட்டால் தண்ணீர் அண்டாது’

தஞ்சை, திருவாரூர் வட்டாரங்களில் போர்செட்டுக்கும் வீட்டுக்கும் மண்ணுக்கடியில் கேபிள் இடுவோர் நடுவே, ‘பைப்பில் போட்டுவிட்டால் தண்ணீர் அண்டாது’ என்னும் வாசகம் பல ஆண்டுகளாகச் சாத்திரம்போல வழங்கி வருகிறது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபின், கம்பியை மண்ணுக்குள் கொண்டுபோய்விட வேண்டும் என்ற விருப்பம் வலுத்தது. வாசகமும் கூடவே வலுத்தது. எந்தப் பைப் என்று கேட்டால், வெள்ளைப் பைப், கறுப்பு ஓஸ், பழைய போரிலிருந்து கழற்றியது, எதுவாயினும் சரி என்பதே விடை.

காப்புக் குழாய், அதாவது கேபிளை இழுத்துச் செலுத்தப் பதிக்கப்படும் கண்டியூட் பைப், நீரைத் தடுக்கும் கலம் என்ற எண்ணமே இவ்வாசகத்தின் அடித்தளம். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து, கல்லணையைக் கடந்த நீர் வாய்க்கால்களில் பரவத் தொடங்கியது முதல் வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை, குறுவை, சம்பா, தாளடி என வயலில் நீர் நிற்கும் பழைய டெல்டாவில் புதைந்த குழாய், குளத்தில் கிடக்கும் குழாய்க்கு ஒப்பானதே. பசை போட்ட இணைப்புகள் தாங்கும் என்போர், சித்திரை வெயிலில் இக்களிமண் பாளம் பாளமாக வெடிப்பதையும், நீர் பாய்ந்ததும் உப்பி மூடிக்கொள்வதையும் மறந்துவிடுகின்றனர். ஆண்டுதோறும் இழுத்தும் நெருக்கியும் விடும் மண்ணுக்கு எதிரே, ஈரக்கையால் அவசரமாகத் தடவிய பசை எத்தனை பருவம் நிற்கும் என்பதை அவர்களே கணக்கிடட்டும். இணைப்பே இல்லாத ஒரே சுருளை இட்டாலும், திறந்த முனைகள் வழியே புகும் வெம்மையான ஈரக்காற்று, மண்ணின் குளிர்ச்சி பட்டுத் துளித்துளியாகப் படிந்து, தாழ்ந்த இடத்தில் தேங்குகிறது. முனைகளை அடைப்பதோ, வெளிநீரை நிறுத்துவதைவிட உள்நீரைச் சிறைவைப்பதில்தான் பெரும்பாலும் வெற்றி பெறுகிறது. எனவே, குழாய் வறண்டிருக்கும் என நம்பி, சுவருக்குள் ஓட வேண்டிய ஒற்றை வயர்களை அதில் இழுப்பது தவறு. ஈரத்தில் கிடப்பதற்கென்றே செய்யப்பட்ட, உறையும் எஃகுக் கவசமும் உடைய கேபிள்தான் குழாய்க்குள்ளும் வேண்டும். அடிபடாமல் காப்பதும், பழுதான கேபிளை மண்ணைத் தோண்டாமல் உருவியெடுக்க வழி விடுவதுமே குழாயின் வேலை.

தண்ணீர்ப் பைப்தான் கெட்டி என்பது அடுத்த வாதம். ஐ.எஸ். 4985 தரத்தில் வரும் அக்குழாயில் அச்சிட்ட அழுத்த எண், உள்ளிருந்து நீர் தள்ளும் விசையைச் சொல்கிறதே தவிர, மேலே டிராக்டர் ஏறுவதைப் பற்றி வாய் திறப்பதில்லை. மண்ணில் புதைக்கும் மின்குழாய்களுக்கென ஐ.எஸ். 14930 என்ற தனித் தரமே 2001இல் வகுக்கப்பட்டது. வெளியே அலைமடிப்பும் உள்ளே வழவழப்புமாக, அடர்த்தி மிக்க பாலித்தீனால் ஆன இரட்டைச் சுவர்க் குழாய், மேற்சுமையைத் தாங்குவதோடு அசையும் மண்ணோடு சேர்ந்து வளைந்தும் கொடுக்கும். தண்ணீர்ப் பைப்பின் எல்போவிலோ நீர் திரும்பும், கேபிள் திரும்பாது. பல கோர் கேபிளை அதன் விட்டத்தைப்போல் 12 மடங்கு ஆரத்துக்குக் குறையாமல் வளைக்க வேண்டும் என்பது விதியாதலால், 20 மி.மீ. கேபிளுக்கே 24 செ.மீ. தேவை.

பைப்பை எலி கடிக்காது என்பதும் சொல்லப்படுகிறது. அது வரப்பு எலிகளுக்குத் தெரிவிக்கப்படவில்லை.

தாழ்வழுத்தக் கேபிளுக்கு ஐ.எஸ். 1255 கூறும் ஆழம் 75 செ.மீ.; வரப்போரம் வெட்டப்படும் பள்ளமோ பல இடங்களில் ஒரு மண்வெட்டி ஆழத்தைத் தாண்டுவதில்லை.