சொல்லும் பொருளும்: அலைச்சல்

நம் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் ‘அலைச்சல்’ என்பது ஒன்று. தொலைவில் வேலை பார்த்து இரவில் திரும்புவோரும், பிள்ளையின் சான்றிதழுக்காக அலுவலகந்தோறும் ஏறி இறங்குவோரும், “இன்று ஒரே அலைச்சல்” என்று சொல்லியே அமர்கின்றனர். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கென்றே அமைந்த சொல் போல அது விளங்குகிறது. ஆதலின் அதன் பிறப்பையும் பொருளையும் இத்திங்கள் ஆராய்வோம்.

கடலில் எழுந்து விழும் திரைக்கு அலை என்பது பெயர். நிலைகொள்ளாது திரிவதற்கு அலைதல் என்பது பெயர். இரண்டும் ஓரிடத்தில் நில்லாத அசைவையே குறிக்கின்றன. தொங்கி அசைவது பற்றி மாலைக்கு ‘அலங்கல்’ என்று பெயர் வந்ததும் இக்கருத்தாலேயாம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்து உரியியலில் ‘அலமரல்’ என்னும் சொல்லுக்குச் சுழற்சி என்று பொருள் உரைத்தார். சங்கப் புலவரோ நீர் நிறைந்து கலங்கும் கண்களுக்கும் அச்சொல்லை வழங்கினர். உடலின் அசைவு உள்ளத்தின் கலக்கமாகவும் பொருள் விரிந்தமை இதனால் விளங்கும்.

வரதய்யபாளையத்தில் வாழும் நம்மவர்க்கு இச்சொல்லின் உறவினரும் அயலாரல்லர். தெலுங்கர் அலையை ‘அல’ என்பர். கன்னடர் ‘அலெ’ என்பர். மலையாளத்தார் அலைதலை ‘அலயுக’ என்பர். பரோ, எமனோ என்னும் பேரறிஞர் இருவர் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதி இவற்றை ஓரினமாகத் தொகுத்துக் காட்டுகிறது. நாடோடியைக் கன்னடர் ‘அலெமாரி’ என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

நிற்க. இச்சொல்லின் இலக்கணத்தில் நாம் கருத வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ‘அலைந்தான்’ என்பது தன்வினை; ‘அலைத்தான்’ என்பது பிறவினை. ஓர் எழுத்தே வேறுபாடு. முன்னது தானே திரிந்தவனைக் குறிக்கும். பின்னது பிறரைத் திரியச் செய்தவனைக் குறிக்கும். அலைத்தல் என்பதற்கு வருத்துதல் என்ற பொருளும் உண்டு.

நம் வட்டாரத்தின் வரலாறே இதற்கு நல்ல விளக்கம். படாஸ்கர் அவர்களின் தீர்ப்பை ஒட்டி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை, ஆந்திர மாநிலங்களின் எல்லை திருத்தப்பட்டது. திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. சத்தியவேடு வட்டாரத்து ஊர்கள் ஆந்திரத்தைச் சேர்ந்தன. வாசலைத் தாண்டாத தமிழரும் தெலுங்கரும் அன்று காலை வேறு மாநிலத்தவராயினர். அவர்கள் அலையவில்லை, எல்லையே அலைந்தது. பின்னர் 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் அமைந்தபோது, வரதய்யபாளையம் சித்தூர் மாவட்டத்திலிருந்து அதற்கு மாறியது. சித்தூரைவிடத் திருப்பதி நமக்கு அண்மையில் உள்ளதாதலின், மனுவோடு செல்வோரின் வழித்தொலைவு குறைந்தது. அலைச்சல் என்பது விதியன்று. பிறர் செய்யும் ஏற்பாட்டால் கூடவும் குறையவும் கூடியது என்பது இதனால் பெறப்படும்.

ஒரு சான்றிதழுக்காகப் பத்து முறை நடந்தவர், “அலைந்தேன்” என்று தம்மேலேயே வினையை ஏற்றிக்கொள்கிறார். உண்மையில் அவர் அலைக்கப்பட்டவர். இவ்வேறுபாட்டைப் பெற்றோர் உணர்தல் வேண்டும். எங்கும் நிலைக்காதவர் தம் தாய்தந்தையர் என்னும் எண்ணம் பிள்ளைகள் உள்ளத்தில் வேரூன்றலாகாது. வறண்ட நிலமும் கிடைக்காத வேலையும் தங்களை அலைத்தன என்றும், அதன் பின்னும் ஓரிடத்தில் அடுப்பு மூட்டி நிலைத்தோம் என்றும் அவர்களுக்குச் சொல்லுதல் நலம்.

பாளையம் என்ற சொல்லுக்கும் படை தங்கும் இடம் என்பதே பழம்பொருள். வழிச்செல்வோர் தங்குமிடத்தைக் குறித்த சொல்லே பின்னர் நிலைத்த ஊர்களுக்குப் பெயராயிற்று. சொல்லுக்கு வாய்த்த அந்நிலைபேறு நமக்கும் வாய்க்கும்.