புண் வாயில், எழுத்து தலையிலா?

வாய்க்குள் ஒரு புண் வருகிறது. மூன்று வாரம் ஆகியும் ஆறவில்லை. நம் ஜனங்கள் செய்வது என்ன? கோவில் திருநீற்றைப் பூசுகிறார்கள். தர்காவில் கயிறு கட்டுகிறார்கள். மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். மந்திரிப்பவனிடம் வேப்பிலை அடித்துக்கொள்கிறார்கள். இத்தனையும் முடிந்து, வாய் திறக்க முடியாமல் கஞ்சியும் இறங்காமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரியின் நினைவு வருகிறது. அங்கே டாக்டர் கையை விரித்தால், "தலையெழுத்து" என்று அழுகிறார்கள். புண் இருந்தது வாயில். அதைத் தலையில் எழுதியவன் யார் என்று கேட்கின்றோம்.

காசிமேட்டில் வலை இழுப்பவரும், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரும், எண்ணூர் ஆலையில் இராமுறை பார்ப்பவரும் பசியையும் தூக்கத்தையும் அடக்கப் புகையிலையைக் கன்னத்தில் அடக்குகிறார்கள். அடக்கிய இடத்திலேயே புண் வருகிறது. பாக்கோ கலியாணத்திற்கு மங்கலப் பொருளாம்! புகையிலை சேராத வெறும் பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-இல் வெளியிட்ட நூலில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தட்டில் பாக்கு வைத்து மந்திரம் சொன்ன புரோகிதர் எவராவது இதைச் சொன்னதுண்டா? 2013-இல் தமிழ்நாட்டு சர்க்கார் குட்காவிற்குத் தடை போட்டது. தாம்பூலத் தட்டிற்குத் தடை போட நம் புத்தியைத் தவிர வேறு யாரால் முடியும்? பகுத்தறிவு பேசிய அண்ணாவையே 1969 பிப்ரவரி 3-இல் புற்றுநோய்தான் கொண்டுபோயிற்று. கொள்கை பேசுகிறவன் என்று நோய் நம்மை விட்டு விலகாது.

நிற்க, சீமையில் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால், ஊர் டாக்டர் அவசரச் சீட்டு எழுதி, இரண்டு வாரத்திற்குள் பெரிய டாக்டர் பார்க்கும்படி 2000-ஆம் ஆண்டுவாக்கில் ஏற்பாடு செய்தார்கள். நல்ல ஏற்பாடுதான். அனுப்பப்பட்டவரில் மிகச் சிலருக்கே புற்றுநோய் இருந்தது. மற்றவர் பயம் தெளிந்து வீடு திரும்பினார்கள். ஆனால் பெரிய டாக்டர் முகத்தைப் பார்த்துவிட்டால் போதுமா? முடிவு தெரிய வேண்டாமா? ஆகவே 2023 அக்டோபரில் அந்த விதியை எடுத்துவிட்டு, நோய் உண்டா இல்லையா என்பதை 28 நாளைக்குள் சொல்லியாக வேண்டும் என்பதையே முக்கியமாக்கினார்கள். எந்தச் சீட்டானாலும் டாக்டரிடம் வந்தவனுக்குத்தான் பயன்படும். வராதவனை அது தேடிப் போகாது.

தேடிப் போனவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் 1996 முதல், வைத்தியம் படிக்காத பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைப் பார்க்கச் சொன்னார்கள். சந்தேகப்பட்டவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். 2005-இல் கணக்கு வெளியாயிற்று. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. பழக்கமில்லாதவரிடம் அப்படிப்பட்ட லாபம் தெரியவில்லை. ஆகவே முதலில் எந்த வாசற்படி ஏற வேண்டும் என்பது விளங்குகிறதல்லவா? இந்தச் சாவைக் குறைத்தது எந்தச் சாமி?

இந்திய சர்க்காரும் 30 வயதுக்கு மேற்பட்டவர் வாயை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்று 2016-இல் திட்டம் எழுதிற்று. எழுதியது போதாது, பார்க்க வேண்டும். இராயபுரத்தை ஒட்டியே ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தில் பிறந்த நிலையம் 1954 முதல் அடையாற்றில் நடக்கிறது. இடம் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாத மனிதனை, "அங்கே போ, இங்கே போ, அடுத்த வாரம் வா" என்று சீட்டோடு அலைய விட்டால், மூன்றாம் நாள் அவன் மந்திரிப்பவனிடம்தான் போவான். அவனை அங்கே தள்ளியதில் மூடநம்பிக்கைக்குப் பாதிப் பங்கு என்றால், அலைய வைத்த ஏற்பாட்டிற்கும் பாதிப் பங்கு உண்டு. ஆகவே சீட்டில் நாள் குறிக்கப்பட வேண்டும். அந்த நாளில் வராதவனைத் தேடிப் போக ஓர் ஆள் பொறுப்பாக வேண்டும். முடிவு சொல்லும் நாளும் முன்னதாகவே தெரிய வேண்டும். இது யாசகமல்ல, வரி கொடுக்கிறவனின் உரிமை.

"சதையை வெட்டிப் பார்த்தால் நோய் பரவிவிடும்" என்று ஒரு பிரசாரம் இருக்கிறது. இது பொய். துளி சதையை எடுத்துப் பரிசோதிக்காமல் நோயை நிச்சயிக்க முடியாது. பரவுவது கத்தியால் அல்ல, காத்திருப்பதால்.

ஆகவே தோழர்களே! மூன்று வாரம் ஆறாத புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி, நீங்காத குரல் கம்மல், விழுங்குவதில் கஷ்டம், வாய் திறப்பு குறைவது, இவற்றில் ஒன்று கண்டாலும் ராகுகாலம் எமகண்டம் பாராமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். தொடக்கத்தில் வந்தவரில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். நம் சங்கத் தோழர்கள் ஞாயிறுதோறும் தெருவில் நின்று பேசுவதோடு, பக்கத்து வீட்டுக்காரர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து, அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், அவர் சிகிச்சை முடிந்து திரும்பும்வரை விடாமல் கூட இருக்க வேண்டும். விதியை ஒழிக்கும் பிரசாரத்தில் இதைவிடப் பெரியது வேறில்லை.